சத்தம் போடக் கூடாதென்று சொன்னார்கள்

சிங்கப்பூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என் கொழுந்தனாரிடம் வெகுநேரம் பேசினார். வெள்ளைக்காரர். பேசும்போது இடது கையை மூடிக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலை அதற்குள் விட்டுக் காட்டினார். பிறகு கொழுந்தனார் ஏதோ கேட்டார். டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நம் ஆட்கள் தலையாட்டினால் ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரர் ஆட்டினால் இல்லை என்றுதான் அர்த்தம். எது இல்லை? நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

டாக்டர் போனதும் கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். "எல்லாம் நல்லபடி, அண்ணி. அண்ணன் முன்னாடி மட்டும் சத்தம் போட்டுப் பேசாதீங்க. கோவப்படாதீங்க. இருதயத்துக்கு ஆகாது."

அவ்வளவு பேச்சுக்கும் இவ்வளவுதானா தமிழ்? எனக்குச் சந்தேகம் அந்த வராந்தாவிலேயே வந்துவிட்டது.

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்ததற்கு மறு வருஷம் அது. என் கணவருக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல், மூட்டுகளை விட்டுவிட்டு இருதயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு கதவு மாதிரி இருக்கிறதாம். அது சுருங்கிப் போய்விட்டது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். படுத்தால் இருமல். ஒரு நாள் இருமலோடு ரத்தமும் வரவே, மலாக்கா டாக்டர் சிங்கப்பூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே விலாவைப் பிளந்து, இருதயத்துக்குள் விரலை விட்டு அந்தக் கதவை அகலப்படுத்தினார்கள். இதை ரயிலில் திரும்பி வரும்போதுதான் கொழுந்தனார் விவரமாகச் சொன்னார். ஓடுகிற இருதயத்துக்குள் இன்னொரு மனிதர் விரல்! தம்பின் ஸ்டேஷனில் இறங்கி வாடகைக் காரில் ஏறும்வரை நான் என் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

மலாக்காவில் காஜா பெராங்கில் எங்களுக்கு ஒரு மசாலா மில் இருந்தது. முன்னால் மில், பின்னால் வீடு. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுப்போம். தமிழர்கள், மலாய்க்காரர்கள், பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பல தலைமுறையாக மலாய் பேசி வாழும் செட்டிகள், எல்லோரும் வருவார்கள். மோட்டார் ஓடும்போது சாதாரணமாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. மில்காரன் பெண்டாட்டியான எனக்கு அதனால்தான் இந்தத் தொண்டை என்று என் கணவர் சொல்வார். பொய். மில்லுக்கு வாழ்க்கைப்படுவதற்கு முன்னாலேயே எனக்கு இந்தத் தொண்டைதான். கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திட்டாமல் நான் ஒரு பொழுதும் கழித்ததில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, இரவல் கொடுத்த குடையைக் கேட்டு வாங்காததற்கு, காப்பி ஆறும்வரை வெளியே சடக்கு ரோட்டில் நின்று கதை பேசியதற்கு. அவரும் சும்மா இருக்க மாட்டார். சாப்பாட்டில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்த சத்தமெல்லாம் நாங்கள் போட்ட சத்தம்தான்.

அப்படிப்பட்டவள் வாயைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அவருக்கு இடது மார்புக்குக் கீழே ஆரம்பித்து முதுகு வரைக்கும் தையல். இடது கையைத் தூக்கவே முடியாது. சுவர் ஓரமாக நின்று, விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்திச் சுவரில் மேலே ஏற்ற வேண்டும். கை அதோடு ஏறும். தினமும் செய்யச் சொல்லியிருந்தார்கள். செய்தேன் என்பார். நம்பலாமா? அவர் செய்யும்போது நான் கூடவே நின்று, விரல் எட்டிய இடத்தில் மஞ்சள் தொட்டு ஒரு பொட்டு வைத்துவிடுவேன். மறுநாள் அதைத் தாண்டினால்தான் விடுவேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு தாண்டுவார். இருமல் வந்தால் தலையணையை விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்வேன். உப்பே கூடாது. உப்பில்லாத ரசம், உப்பில்லாத கீரை, உப்பில்லாத மீன். நான் ருசி பார்த்தேன். எனக்கே தொண்டையில் இறங்கவில்லை.

அவர் அதைச் சாப்பிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இந்த மனிதர் நன்றாக இருக்கிற சாப்பாட்டையே நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் இல்லை. இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. டாக்டர் இவரிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார். போகிற காலத்தில் இவளை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று விழுங்குகிறார். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அதற்கப்புறம் நான் அவரைக் கண்ணும் கண்ணுமாகப் பார்க்க ஆரம்பித்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் திரும்பினால் பார்வையை எடுத்துக்கொள்வார். ஒரு நாள் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மென்று விழுங்கிவிட்டு, துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தம்பி உன்கிட்ட என்ன சொன்னான்?" என்று மெதுவாகக் கேட்டார். "எல்லாம் நல்லபடின்னு சொன்னாரு" என்றேன். "வேற ஒண்ணும் சொல்லலியா?" "வேற என்ன சொல்லணும்?" அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் வேறு என் உயிரை எடுத்தார்கள். பிஸ்கட் டின்னையும் ஆரஞ்சுப் பழத்தையும் வைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இதே மாதிரி வந்து போய்ச் சேர்ந்தவர்களின் கதையைச் சொல்வார்கள். எழுந்து போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கமான மனுஷன்" என்பார்கள். உயிரோடு இருக்கிற யாரையாவது நம் ஆட்கள் தங்கமான மனுஷன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. போன வருஷம்வரை மிளகாயில் மல்லியைக் கலந்துவிட்டார் என்று இவரோடு சண்டைக்கு வந்தவர்கள்தான் இவர்கள். இவர்களுக்கெல்லாம் கொழுந்தனார் சொல்லிவிட்டார், எனக்குத்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பழத்தை வாங்கி உள்ளே வைத்தேன். ஒருத்தருக்கும் காப்பி கொடுக்கவில்லை.

பிறகு அவர் என்னை மில்லுக்குள் கூப்பிட்டார். தூள் வாடை அவருக்கு ஆகாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கமாக நின்றார். அதுவரை சாயங்காலம் கொழுந்தனார் பண்டார் ஹிலிர் ஆபீசிலிருந்து சைக்கிளில் வந்துதான் மோட்டாரைப் போடுவார். பகலில் வந்தவர்கள் சாமான் போட்ட பேசின் பாத்திரத்தைப் பேர் சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். இனிமேல் நீ ஓட்டு என்றார் இவர். பெல்ட்டை எப்படி மாட்டுவது, கல்லை எவ்வளவு இறுக்குவது, ஒருத்தர் தூள் முடிந்து அடுத்தவர் தூள் போடுமுன் ஒரு பிடி பச்சரிசியை விட்டுக் கல்லை எப்படித் துடைப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார். செட்டி கம்பத்துப் பெண்கள் கொண்டு வரும் சாமானை எங்கள் மிளகாய்க்கு முன்னால் அரைத்துவிட வேண்டும். அவர்களுக்குக் காரம் ஏறினால் பிடிக்காது. தூளை விரலில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். சுட்டால் கல் இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

"இதெல்லாம் எனக்கு எதுக்குங்க?"

"தெரிஞ்சு வச்சுக்க. நாளைக்கே நான்..." என்று ஆரம்பித்தவர், மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் மிளகாயைக் கொட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தால் மிளகாய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அது போதாதென்று, உலாத்தப் போகிறேன் என்று கிளம்பிய ஒரு நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்ததும், "ஸ்டூடியோவுல ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

"தனியாவா?"

"தனியாத்தான்."

கல்யாணத்தன்றுகூடப் போட்டோவுக்கு நிற்கக் கூச்சப்பட்டவர் இவர். ஓர் ஆண்பிள்ளை வெள்ளைச் சட்டையில் தனியாக எடுத்துக்கொள்ளும் படம் எந்தச் சுவருக்குப் போகும், அதன்மேல் என்ன தொங்கும் என்று எனக்குத் தெரியாதா? அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். சத்தம் வரக் கூடாதே.

கொழுந்தனாரை மில்லில் வைத்து மடக்கினேன். "தம்பி, மறைக்காம சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேனே, அண்ணி."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. "மருந்து சரியா குடுங்க. உப்பு போடாதீங்க. சத்தம் போடாதீங்க" என்று பாடம் ஒப்பித்துவிட்டு, அன்றைக்கு அரைக்காமலே போய்விட்டார். திருடன் என்று நினைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை செட்டி கம்பத்திலிருந்து ஓர் அம்மாள் மல்லியும் மிளகாயும் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம்தான் அவள் வீடு. நெற்றியில் திருநீறு இருக்கும். தமிழ் ஒரு வார்த்தை வராது. மலாய்தான். பேசினை என்னிடம் கொடுத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். உன் புருஷன் இருக்கிறாரா என்று கேட்டாள். உள்ளே படுத்திருக்கிறார் என்றேன்.

அப்படியானால் வீடு ஏன் இப்படிச் சுன்யியாக, சத்தமே இல்லாமல், கிடக்கிறது என்று கேட்டாள். சிங்கப்பூரிலிருந்து வந்ததிலிருந்து உன் குரலே கேட்கவில்லை, கம்பத்தில் எல்லோரும் உன் புருஷனுக்கு முடியப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள் என்றாள். அவளுக்கு என் திட்டில் ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் ராகம் தெரியும். நீட்டித் திட்டினால் காப்பி ஆறிவிட்டது என்று தனக்குத் தெரியும் என்று நடித்தே காட்டினாள். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவருக்கு மலாய் என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவள் போன பிறகு நான் மல்லியை அரைத்து முடித்து மோட்டாரை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் அவர் மில்லுக்குள் நிற்கிறார். மூக்கில் துண்டு இல்லை. மிளகாய் மூட்டையைக் குனிந்து, அந்த இடது கையாலேயே பிடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே தூக்குகிறார். தண்ணீர் வாளியைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூட்டை தரையை விட்டு எழும்பியது. அவர் நெற்றி நரம்பு புடைத்தது.

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். ஓடிப்போய் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவுக்கு மெதுவாக, "வைங்க. நான் தூக்கிக்கிறேன்" என்றேன்.

அவர் மூட்டையைப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"சொல்லிடு. எவ்வளவு நாளுன்னு சொன்னாரு டாக்டரு?"

"என்னது?"

"எனக்குத் தெரியும். இந்த மூட்டையத் தூக்கியும் நீ திட்டலன்னா... துண்டக் கட்டில்ல போட்டும் பாத்தேன். மூக்குல துண்டு கட்டாம மில்லுக்குள்ள வந்தும் பாத்தேன். நீ ஒண்ணுமே சொல்லல. சாகப்போறவனத்தான் இப்படி வச்சுப் பாப்பாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. வேண்டுமென்றே தூக்கியிருக்கிறார்! நான் திட்டுகிறேனா என்று பார்ப்பதற்காக, பிளந்து தைத்த விலாவோடு மிளகாய் மூட்டையைத் தூக்கியிருக்கிறார்!

"அறிவிருக்கா உனக்கு?" என்று ஆரம்பித்தேன். 'நீங்க' எல்லாம் 'நீ' ஆகிவிட்டது. "தையல் பிரிஞ்சா யாரு தைக்கிறது? நானா? சோதனை பாக்கிறியா, சோதனை? உப்பில்லாத சோத்த நல்லா இருக்குன்னு தின்னியே, அப்பவே நெனச்சேன் எங்கிட்ட எதையோ மறைக்கிறன்னு! வெள்ளச் சட்ட போட்டுப் போட்டோ புடிக்கிறானாம் போட்டோ! எவ கேட்டா உன் போட்டோவ? உன் படத்தப் பாத்துக்கிட்டு இந்த மெஷினோட நான் குடும்பம் நடத்தணுமா? நீ போயிட்டா நான் யாரைய்யா திட்டுறது? இந்த வீட்டுல எனக்கு வேற யாரு இருக்கா?"

கடைசி வார்த்தை உடைந்துவிட்டது. அதைச் சொல்லக் கூடாதென்றுதான் அத்தனை நாளும் வாயைக் கட்டியிருந்தேன் போலிருக்கிறது. நானும் மூட்டைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கத்திலிருந்து அந்தச் செட்டி அம்மாள் கம்பத்தில் யாரையோ உரக்கக் கூப்பிட்டு ஏதோ சொல்வது கேட்டது. சந்தோஷமான குரல். என் கணவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் அவருக்கு வலிக்கும். "சிரிக்காத" என்று அதற்கும் திட்டினேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. என்னிடம் சத்தம் போடாதே என்று சொன்ன கொழுந்தனார், அவரிடமும் தனியாக ஒன்று சொல்லியிருக்கிறார். அண்ணி ரொம்பப் பயந்து போயிருக்கிறாள், குறை சொல்லாதே, சாப்பாட்டைத் தள்ளாதே, அவள் மனம் நோகக் கூடாது. ஆக, அவர் என்னிடம் பணிந்து போனார். நான் அவரிடம் பணிந்து போனேன். ஒருத்தர் பணிவைப் பார்த்து மற்றவர் சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டபோது இரண்டு பேரும் மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். கொழுந்தனார் எங்கள் முகங்களைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பப் பார்த்தார். "எறங்குங்க" என்றேன், என் பழைய குரலில். இறங்கிவிட்டார்.

"டாக்டர் சொல்லல, அண்ணி. சத்தம் போடக் கூடாதுன்னு நானாத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியிலேருந்து வர்றவருக்கு வீடு கொஞ்சம் அமைதியா இருக்கட்டுமேன்னு... அண்ணங்கிட்டயும் அதுக்குத்தான் சொன்னேன்."

"அப்ப அந்த டாக்டர் எதுக்குத் தலைய ஆட்டினாரு?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "சொல்லுடா" என்றார்.

"இனிமே இது திரும்ப வராதுல்லன்னு நான்தான் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதுன்னுட்டாரு. இப்ப நல்லாத் தொறந்திருக்காம். சில பேருக்கு அப்படியே நின்னுடுமாம். சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறுபடியும் சுருங்குமாம். அண்ணனுக்கு எப்படின்னு யாராலயும் சொல்ல முடியாதாம். இத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் மத்ததெல்லாம் சொன்னேன்."

சடக்கில் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் போயிற்று. எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கொழுந்தனாரை உலுக்கலாம், ஆனால் அவர் இப்போது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பொய் என்றால் நான் பிடித்துவிடுவேன். இத்தனை நாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். தெரியாது என்பதை எந்த முகத்தில் போய்த் தேடுவது?

கொழுந்தனார் மிளகாயை அரைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லாமல் அழவிட்டதற்கு வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே போய் அனுப்பினேன். உள்ளே வந்தபோது என் கணவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். மருந்து தடவச் சொல்கிறாரோ என்று பக்கத்தில் போனேன்.

"உக்காரு" என்றார். "டாக்டர் சொன்னாலும் நீ நம்ப மாட்ட. தம்பி சொன்னாலும் நம்ப மாட்ட. நான் சொன்னா சுத்தமா நம்ப மாட்ட. இந்தா, நீயே கேட்டுக்க."

தையலுக்கு மேலே, வலிக்காத இடமாகப் பார்த்துக் காதை வைத்தேன். முதலில் என் மூச்சுதான் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"கேக்குதா?"

"பேசாம இருங்க" என்று அதட்டினேன்.

கேட்டது. அடுத்ததும் கேட்டது. அதற்கடுத்தது வருகிறதா என்று, காதை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தேன்.